பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? சம்பா அறுவடைக்கு முன் போட வேண்டிய கணக்கு

தை பிறந்து சம்பாக் கதிர் பழுத்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து டீக்கடைகளில் ஓடும் பேச்சு ஒன்றுதான். பெல்ட் வண்டி மணிக்கு எவ்வளவு கேட்கிறார்கள், டயர் வண்டி எவ்வளவுக்கு வருகிறது? அறுப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் இந்த இரண்டு நெல் அறுவடை மிஷினிலும் நடக்கிறது. கீழே ரப்பர் பெல்ட்டில் ஓடுகிறதா, டயரில் ஓடுகிறதா என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்காக மணிக்கு ஐந்நூறு, எழுநூறு கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து.

வாடகையை மட்டும் பார்த்து டயர் வண்டியை இறக்கியவர்கள், மிச்சம் பிடித்த காசை நெல்லுக்குப் பின் அதே வயலில் எடுக்கும் உளுந்தில் விட்டுவிடுகிறார்கள். "எப்போதும் பெல்ட்டுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் காய்ந்த வயலில் தேவையில்லாமல் காசு கொடுக்கிறார்கள். சில சமயம் உளுந்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். அறுவடை அன்று வயலில் எவ்வளவு ஈரம், அடுத்து அந்த வயலில் என்ன வரப்போகிறது, இந்த இரண்டையும் பார்க்காமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. மணி வாடகை அதற்குப் பிறகுதான்.

பாரம் எங்கே விழுகிறது

நம் பக்கம் அதிகம் ஓடும் பெல்ட் வண்டி, உதாரணத்துக்கு குபோட்டா டிசி-68 வகை, சுமார் மூன்று டன் எடை. அடியில் இரண்டு ரப்பர் பெல்ட். ஒரு பெல்ட் 45 சென்டிமீட்டர் அகலம், தரையில் படியும் நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து சுமார் 14,000 சதுர சென்டிமீட்டர் இடத்தில் வண்டியைத் தாங்குகின்றன. மூன்று டன்னை அதில் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்கும் குறைவு. வெறுங்காலோடு ஓர் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மண்ணில் விழும் அழுத்தமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

டயர் வண்டி வேறு கணக்கு. 14 அடி கட்டர் (முன்னால் கதிரை அறுக்கும் பகுதி) போட்ட நியூ ஹாலண்ட், ஜான் டீர் வகை வண்டிகளும், பஞ்சாபிலிருந்து வரும் கர்தார், ப்ரீத் வகை வண்டிகளும் ஏழெட்டு டன்னைத் தொடும். நெல் தொட்டி நிறைந்தால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் கூடும். டயர் மண்ணில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுதான். 30 பவுண்டு காற்று அடித்த டயர் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ அழுத்தும். அதாவது பெல்ட்டைப் போல எட்டு, பத்து மடங்கு. சேற்றில் டயர் இறங்குவதும் பெல்ட் மிதப்பதும் இதனால்தான்.

பெல்ட்டின் அடியில் பாரம் ஒரே சீராகப் பரவுவதில்லை. உள்ளே இருக்கும் ரோலர்களுக்கு நேர் கீழே அழுத்தம் கூடுதலாகவும் இடையில் குறைவாகவும் விழும். கால் கிலோ என்பது சராசரிதான். இன்னொன்று, மேல்மண் இறுகுவதைத் தீர்மானிப்பது சதுர சென்டிமீட்டர் கணக்கு. ஓர் அடிக்குக் கீழே இருக்கும் மண் இறுகுவதைத் தீர்மானிப்பது வண்டியின் மொத்தப் பாரம். அகலமான டயர் போட்டால் மேல்மண் தப்பிக்கும், அடிமண் தப்பிக்காது. பெல்ட் வண்டி மண்ணுக்கு நல்லது என்று சொல்வதில் பாதிக் காரணம் பெல்ட், மீதிக் காரணம் அந்த வண்டி இலேசாக இருப்பது. பெரிய கட்டரும் பெரிய தொட்டியுமாக எடை கூடிய பெல்ட் வண்டிகள் வரும்போது இந்த இரண்டாவது லாபம் குறையும். "பெல்ட்" என்ற பெயரை மட்டும் கேட்டு விடாமல் எடையையும் கேட்க வேண்டும்.

டிராக்டருக்குச் சங்கிலித் தடம் பெயர்பெற்றதும் ஒரு டெல்டா மண்ணில்தான். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் பெஞ்சமின் ஹோல்ட், அந்தப் பகுதி டெல்டாவின் பொதபொதத்த கரிமண்ணில் நீராவி டிராக்டர்கள் புதைந்ததைப் பார்த்து, 1904 நவம்பரில் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பலகை கோத்த சங்கிலித் தடத்தை மாட்டி ஓட்டிக் காட்டினார். ரப்பர் பெல்ட் பூட்டிய விவசாய டிராக்டர் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் சேலஞ்சர் 65 வடிவில் 1987இல்தான் சந்தைக்கு வந்தது. இரும்புச் சங்கிலி தார் ரோட்டைப் பெயர்த்துவிடும் என்ற தொல்லையை ரப்பர் தீர்த்தது. ஆனால் ரோட்டில் ஓடினால் ரப்பர் தேயும் என்ற தொல்லை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஈர வயலில் நடப்பது என்ன

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுகிறார்கள். தாளடி (குறுவைக்குப் பின் நடும் நெல்) வயல்களுக்குத் தண்ணீர் அதற்குள் போதும் என்ற கணக்கு. அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். களிமண்ணில் இன்னும் இரண்டு மூன்று நாள் கூட்டினாலும் நல்லது. ஆனால் வடிக்க வாய்க்கால் வேண்டும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கீழையூர்ப் பக்கத்துக் கடைமடையில், அதாவது பாசனத்தின் கடைசிக் கோடியில், வடிகால் மேடாகிக் கிடந்தால் யார் வயலில் தண்ணீர் நிற்கிறது என்பதை அந்த வயல்காரர் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதற்கு மேல் பருவம் தவறிய மழை. 2021 ஜனவரியில் பெய்தது, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்தது. இரண்டு முறையும் அறுக்கத் தயாராக நின்ற பயிர் சாய்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் பெல்ட்டா டயரா என்ற கேள்விக்கே இடமில்லை. பெல்ட் வண்டி கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சேற்றில் டயர் வண்டி இறங்கினால் உடனே புதைந்து நிற்பதில்லை. முதல் சுற்றில் நான்கு விரல் தடம் விழும். தொட்டி நிறைய நிறைய இரண்டாவது சுற்றில் ஒரு சாண் ஆகும். திரும்பும் இடத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றி, மேல்மண்ணைத் தோண்டி, அடியில் இருக்கும் கடினமான தட்டைத் தொடும். நெல் வயலில் ஆறேழு அங்குலத்துக்குக் கீழே, பல தலைமுறையாகச் சேறு அடித்து அடித்து உண்டான கெட்டித் தட்டு அது. தண்ணீரை வயலில் நிறுத்துவதும் அதுதான், உழவு டிராக்டரைத் தாங்குவதும் அதுதான். டயர் அதை ஓரிடத்தில் உடைத்துவிட்டால் அடுத்த குறுவைக்குச் சேறு அடிக்க வரும் டிராக்டர் அதே இடத்தில் இறங்கும். இறங்கிய டிராக்டர் இன்னும் ஆழமாக உடைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அந்த மூலை நிரந்தர உளையாகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய எந்த மிஷினும் கிடையாது. சில போகம் காயப்போட்டு, மேலோட்டமாக உழுது, மெதுவாகத்தான் தேற்ற வேண்டும்.

பெல்ட் வண்டியாலும் வயல் கெடும், திரும்பும் இடத்தில். நேராக ஓடும் வரை ஒன்றும் தெரியாது. மூலையில் ஒரு பெல்ட்டை நிறுத்தி மற்றொன்றை ஓட்டி வண்டியை நின்ற இடத்திலேயே சுழற்றும்போது, நின்ற பெல்ட் மண்ணை அரைத்து ஒரு பக்கமாகக் குவிக்கும். குவிந்த சேற்றின் உயரம் முழங்கால் வரை வருவதுண்டு. நல்ல டிரைவர் அப்படிச் சுழற்ற மாட்டார். முன்னே போய், கொஞ்சம் பின்னே எடுத்து, மறுபடி முன்னே போய் மூன்று அசைவில் திரும்புவார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரை நிமிடம் கூடும். மணி வாடகையில் அது நம் காசுதான். கொடுக்கலாம், வயல் சமமாக நிற்கும். டிரைவரிடம் வேலை தொடங்கும் முன்பே "அண்ணே, மூலையில சுழட்டாதீங்க, ரிவர்ஸ் எடுத்துத் திருப்புங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. பாதி வயல் ஆனபிறகு சொன்னால் அவருக்கும் கோபம் வரும், நமக்கும் பயனில்லை.

பெல்ட் வண்டி எந்தச் சேற்றிலும் இறங்கும் என்பதே ஒரு ஆபத்தும்கூட. வண்டி இறங்கும் என்பதற்காக நெல் அறுக்கத் தயார் என்று ஆகிவிடாது. தண்ணீர் நிற்கும் வயலில் அறுத்த நெல்லின் ஈரப்பதம் 22, 24 விழுக்காடு காட்டும். கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடுதான் கணக்கு. மத்திய அரசு தளர்வு கொடுக்கும் ஆண்டுகளில் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள், அதை நம்பி அறுக்க முடியாது. களத்தில் கொட்டி இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். இடம் இல்லாதவர் ரோட்டில் கொட்ட வேண்டும். மழை மிரட்டாத வாரத்தில், வண்டி வந்துவிட்டதே என்று பச்சை வாட்டத்தோடு அறுப்பதை விட நாலு நாள் பொறுத்து வயலைக் காயவிட்டால், நெல்லும் காயும், டயர் வண்டிக்கும் வழி திறக்கும்.

உளுந்துதான் உண்மையான கணக்கு

டெல்டாவில் சம்பா, தாளடி அறுத்த வயலில் மீந்த ஈரத்திலேயே உளுந்து, பயறு எடுப்பது நம் வழக்கம். கையால் அறுத்த காலத்தில் அறுப்புக்கு ஏழு, பத்து நாள் முன்பே நிற்கும் கதிருக்குள் ஆடுதுறை 3 போன்ற உளுந்தை வீசிவிடுவார்கள். ஆள் அறுத்துவிட்டுப் போகும்போது கீழே இரண்டு இலை விட்ட செடி நிற்கும். மிஷின் வந்த பிறகு அந்தச் செடி எதன் கீழ் மாட்டுகிறது என்பதைப் பாருங்கள்.

பெல்ட் வண்டியின் கட்டர் சுமார் இரண்டு மீட்டர் அகலம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பெல்ட்டும் சேர்ந்து 90 சென்டிமீட்டரை மிதிக்கின்றன. அதாவது அறுக்கும் நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி! டயர் வண்டியின் 14 அடிக் கட்டர் சுமார் 4.25 மீட்டர். முன்டயர் ஒன்று 18 அங்குலத்துக்குச் சற்று மேல், இரண்டும் சேர்ந்து 93 சென்டிமீட்டர். பின்டயர் கொஞ்சம் விலகி ஓடினாலும் மொத்தத்தில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிதிபடும். ஆக, பெல்ட் அதிக இடத்தை இலேசாக மிதிக்கிறது, டயர் குறைந்த இடத்தை ஆழமாக மிதிக்கிறது.

இதிலிருந்து வரும் முடிவு பலர் நினைப்பதற்கு நேர்மாறு. வயல் நன்றாகக் காய்ந்து, உளுந்து ஏற்கெனவே முளைத்து நிற்கிறது என்றால் டயர் வண்டியில் சேதம் குறைவு. முக்கால்வாசிச் செடி தப்பிவிடும், தடமும் ஆழமாக விழாது. வயல் ஈரமாக இருந்தால் கதை மாறுகிறது. டயர் தடத்தில் தண்ணீர் தேங்கும், அந்தத் தடத்திலும் அதன் இரு ஓரங்களிலும் உளுந்து அழுகும். பெல்ட் மிதித்த இடத்தில் இளஞ்செடி நசுங்கினாலும் விதை நசுங்காது, மண்ணில் அழுந்தித்தான் போகும். அதனால் ஈர வயலில் பெல்ட் வண்டியை இறக்குகிறவர்கள் பத்து நாள் முன்பு விதைக்காமல், வண்டி வருவதற்கு முந்தின மாலையோ அன்று காலையோ வீசிவிடுவது புத்திசாலித்தனம். மேலே விழும் வைக்கோலை மட்டும் மறுநாளே பரப்பிவிட வேண்டும். குவியலாக விட்டால் அடியில் முளை வெளுத்துப்போகும்.

ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். ஊருக்கு ஊர், சீசனுக்குச் சீசன் வாடகை மாறும். கணக்குக்காக டயர் மணிக்கு 1,800, பெல்ட் 2,500 என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த வயலில் டயர் வண்டி ஓர் ஏக்கரை 50 நிமிடத்தில் முடித்தால் 1,500 ரூபாய். பெல்ட் வண்டிக்குக் கட்டர் சிறியது, ஒன்றே கால் மணி நேரம் ஆகும் என்றால் 3,125. ஏக்கருக்கு 1,600 ரூபாய் வித்தியாசம். ஐந்து ஏக்கர்காரருக்கு 8,000 ரூபாய். உளுந்தும் டயரில்தான் அதிகம் தப்புகிறது. எனவே காய்ந்த வயலில் பெல்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

ஈர வயல் என்றால் டயர் வண்டி வழுக்கி, ரிவர்ஸ் எடுத்து, தொட்டியை அடிக்கடி காலி செய்து ஒன்றரை மணி நேரம் இழுக்கும். அது 2,700. பெல்ட்டும் தாமதமாகும், சாய்ந்த கதிராக இருந்தால் ஒன்றரை மணியைத் தொடும், 3,750. இங்கும் டயர் ஆயிரம் ரூபாய் மலிவுதான். ஆனால் நெல் தரிசில் எடுக்கும் உளுந்து ஏக்கருக்கு இரண்டு குவிண்டால் வந்தாலும், குவிண்டாலுக்கு 7,400 ரூபாய் (2024-25 ஆதார விலை) வைத்தால் 14,800 ரூபாய். தடத்தில் தேங்கிய தண்ணீரால் அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் ஐயாயிரம். பிறகு தடத்தை மூடிச் சமன்செய்ய ஓட்டும் ரோட்டவேட்டர் கூலி தனி. ஆயிரம் மிச்சம் பிடித்து ஆறாயிரத்தை விடுவது இப்படித்தான். உளுந்து போடாதவர், கோடை முழுக்க வயலைச் சும்மா போடுகிறவர் என்றால் இந்தக் கணக்கில் பாதி விழுந்துவிடும். அவருக்குக் கெட்டித் தட்டு ஒன்றுதான் கவலை.

வைக்கோல், மூலை, வரப்பு

மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல் சின்ன விஷயம் இல்லை. நம் பெல்ட் வண்டிகளில் பெரும்பாலானவை நீளவாக்கில் கதிரைச் சுழற்றி அடிக்கும் அச்சுவாட்ட வகை. நெல் சுத்தமாகப் பிரியும், வைக்கோல் நொறுங்கி வரும். பெரிய டயர் வண்டிகளில் வைக்கோலை உதறித் தள்ளும் வாக்கர் உள்ளவை உண்டு, அவற்றில் தாள் நீளமாகக் கிடைக்கும். உருளைக் கட்டு கட்டும் பேலர் வர வேண்டுமானால் வயல் காய்ந்திருக்க வேண்டும், வைக்கோல் சேற்றில் அமுங்காமல் இருக்க வேண்டும். ஈர வயலில் எந்த வண்டி அறுத்தாலும் வைக்கோலில் நல்ல பங்கு போய்விடும்.

சிறிய வயல் துண்டுகளில் பெல்ட்டுக்கு வசதி அதிகம். கால் ஏக்கர், அரை ஏக்கர்த் துண்டில் டயர் வண்டி திரும்ப இடம் இல்லாமல் நான்கு மூலையையும் ஆள் விட்டு அறுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். மேலே போட்ட 50 நிமிடக் கணக்கு பெரிய, நீளமான வயலுக்குத்தான். துண்டு துண்டான நிலத்தில் டயர் வண்டியின் அகலக் கட்டரால் கிடைக்கும் வேகம் திருப்பத்திலேயே தொலைந்துவிடும். வரப்பைத் தாண்டும்போது பெல்ட் வண்டி வரப்பை அப்படியே அமுக்கிவிடும், டயர் அறுத்துவிடும். இரண்டிலும் மறுநாள் மண்வெட்டி எடுத்தாக வேண்டும்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு

வாடகைக்கு எடுப்பவரின் கணக்கு ஒரு நாளோடு முடியும். வண்டி வாங்குகிற இளைஞருக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ இது ஏழெட்டு வருடக் கணக்கு. அங்கே நான் முதலில் பார்ப்பது, வருடத்தில் எத்தனை மாதம், எந்தெந்த ஊரில் வண்டி ஓடும் என்பதை.

சேலம், ஆத்தூர்ப் பக்கத்து வண்டிகள் தை, மாசியில் டெல்டாவுக்கு வந்துவிட்டு, பங்குனி, சித்திரையில் கேரளத்தின் குட்டநாட்டுக்குப் போவதுண்டு. கடல் மட்டத்துக்கும் கீழே, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து விவசாயம் செய்யும் அந்தப் பூமியில் பெல்ட் வண்டிக்குத்தான் வேலை. டெல்டா, குட்டநாடு, பிறகு குறுவை என்று நெல்லையே பின்தொடரும் வழித்தடம் வைத்திருப்பவருக்குப் பெல்ட் வண்டி பொருந்தும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளமும், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கிணற்றுப் பாசன நவரை நெல்லுமாக ஓட்ட நினைப்பவருக்கு டயர்தான். மக்காச்சோளத்துக்கு முன்பகுதியை மாற்றி மாட்டிக்கொள்ளலாம், ஊர்விட்டு ஊர் ரோட்டிலேயே ஓட்டிப் போகலாம், காய்ந்த மண்ணில் செலவும் குறைவு.

பெல்ட் வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஓட்டலாம், ஓடும். ஆனால் ரப்பர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். பக்கத்து ஊருக்குப் போவதற்கும் லாரி வேண்டும், ஏற்றி இறக்கப் பலகையும் ஏற்றத் தெரிந்த டிரைவரும் வேண்டும். சொந்த லாரி இல்லாமல் பெல்ட் வண்டி வாங்குகிறவர் லாரி வாடகையை மாதச் செலவாகவே எழுதி வைக்க வேண்டும். வண்டியை விற்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. ஒரே நாளில் மூன்று ஊரில் மூன்று பேருக்கு அரை அரை ஏக்கர் அறுத்துத் தர வேண்டிய நிலை என்றால், லாரிக்குக் காத்திருந்தே நாள் போய்விடும்.

அடுத்தது தேய்மானம். டயர் பத்து சீசன் கூட நிற்கும், பஞ்சர் ஆனால் எந்த ஊரிலும் ஒட்டலாம். பெல்ட் ஒரு ஜோடி மாற்றுவது லட்சத்தில் பேச வேண்டிய செலவு, கூடவே அடி ரோலர், அதன் ஆயில் சீல், ஸ்பிராக்கெட் பல். பெல்ட்டின் ஆயுளைக் குறைப்பவை எவை என்று பார்த்தால், சேறு அதில் பெரிதாக வராது. காய்ந்த கெட்டி மண்ணில் சுழற்றித் திருப்புவது, கருங்கல் ஜல்லி போட்ட வண்டிப்பாதை, கரும்புக் கட்டை, பருத்தி மார்க் கட்டை, இவைதான். ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்து அதற்குள் தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், பிறகு ஒரு நாள் வயல் நடுவில் அறுந்து நிற்கும். பழைய பெல்ட் வண்டி வாங்கப் போகிறவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் மண்ணில் உட்கார்ந்து பெல்ட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்து இரும்பு தெரிந்தால் புதுப் பெல்ட் விலையை வண்டி விலையிலிருந்து கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ரோலருக்கு நடுவில் சிக்கிய சேற்றையும் வைக்கோலையும் தண்ணீர் அடித்து எடுக்காத வண்டியில் சீல் முதலில் போகும். அதைக் காட்டிக் கொடுப்பது ரோலர் ஓரத்தில் கருப்பாகக் கசிந்த எண்ணெய்.

இடைப்பட்ட வழிகளும் இருக்கின்றன. சேற்றுக்கென்றே பட்டை ஆழமாக வைத்த டயர்கள் வருகின்றன. சாதாரண டிராக்டர் டயரைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் ஆழம், நடுத்தர ஈரத்தில் நல்ல பிடிப்பு. ஆனால் ரோட்டில் சீக்கிரம் தேயும், பாரத்தையும் குறைக்காது. முன்பக்கம் டயரைக் கழற்றிவிட்டுத் தடம் பூட்டும் பாதி பெல்ட் அமைப்பும் உண்டு. எடை ஏழெட்டு டன்னாகவே இருப்பதால் மேல்மண் பிழைத்தாலும் அடிமண்ணுக்கு நிம்மதி இல்லை என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவது இலவசமான வழிதான். ஆனால் நிறைந்த தொட்டியோடு குறைந்த காற்றில் ஓடினால் டயரின் பக்கச் சுவர் மடிந்து வெடிக்கும். டயர் கம்பெனி கொடுத்திருக்கும் பார அட்டவணைக்குக் கீழே போகக் கூடாது.

சேறு அடிக்கும் டிராக்டருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மூன்றாவது வழியாக இருக்கிறது. விலை மலிவு, மாட்டவும் கழற்றவும் எளிது. தார் ரோட்டில் ஓட்டக் கூடாது என்ற ஒரே குறையோடு நெல் வயலின் வேலையை அது முடித்துவிடும். டிராக்டருக்குப் பெல்ட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் நில அளவில் அந்தப் பணம் திரும்பாது.

மானியத்தைப் பொறுத்தவரை, வேளாண் பொறியியல் துறை வழியாக இரண்டு வகைக்கும் கிடைக்கிறது. பெல்ட்டுக்கு மானியம் என்று கேட்டவுடன் அதை வாங்கிவிட வேண்டாம். மானியம் ஒரு தடவை வரும். லாரி வாடகை ஒவ்வொரு சீசனும் வரும்.

எந்த மண்ணுக்கு எது

பழைய டெல்டாவின் களிமண், அதிலும் கடைமடை என்றால் சம்பா, தாளடிக்குப் பெல்ட் வண்டியை முன்கூட்டியே பேசி வைப்பதுதான் சரி. மழை வந்தபிறகு தேடினால் கேட்ட விலை கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனப் பகுதியில் செம்மண், மணல் கலந்த மண். தண்ணீரை நிறுத்தி நாலைந்து நாளில் வயல் இறுகிவிடும், மழை இல்லாத வருடத்தில் டயர் வண்டி தாராளமாகப் போதும். குறுவை அறுப்பு புரட்டாசியில் வருவதால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அறுத்தால் டயர், தள்ளிப்போனால் பெல்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். கிணற்றுப் பாசனக்காரர்கள் மோட்டாரை நிறுத்தும் நாளைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். அவர்கள் பெல்ட்டுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு.

உங்கள் வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. அறுப்புக்கு முந்தின நாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் நடந்து பாருங்கள். வரப்பிலிருந்து பார்த்தால் போதாது. நடுவயலும், தண்ணீர் கடைசியாக வடியும் தாழ்ந்த மூலையும் முக்கியம். குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காலை எடுங்கள். தடம் அரை விரல் ஆழத்துக்குள் இருந்து, அதில் ஈரம் மின்னாமல் இருந்தால் டயர் வண்டி இறங்கலாம். தடத்தில் மெல்லத் தண்ணீர் ஊறினால், கணுக்கால் வரை கால் போனால், பெல்ட். ஆடுசதை வரை இறங்கினால் பெல்ட் வண்டியும் திண்டாடும், தொட்டி பாதி நிறையும்போதே காலி செய்யச் சொல்ல வேண்டும், முடிந்தால் இரண்டு நாள் தள்ளிப்போட வேண்டும். வயலில் முக்கால் பாகம் காய்ந்து ஒரு மூலை மட்டும் சேறாக இருப்பதுதான் அதிகம் நடப்பது. அந்த மூலையை ஆள் விட்டு அறுத்து வெளியே போட்டுவிட்டு, மற்றதை டயரில் முடிப்பது பல சமயம் மலிவாக வரும்.

வண்டி பேசும்போது புரோக்கரிடம் சில விஷயங்களை வாயால் கேட்டு வாங்கிவிட வேண்டும். மணி எப்போதிலிருந்து ஓடும், லாரியிலிருந்து இறங்கியதிலிருந்தா, கட்டர் கதிரைத் தொட்டதிலிருந்தா? வண்டி புதைந்தால் இழுக்க வரும் செலவு யாருடையது? சாய்ந்த கதிருக்குத் தனி விலையா? கடைசிக் கேள்வி டயர் வண்டிக்காரருக்கு மட்டும்: தொட்டி நிறையும் முன்பே பாதியில் கரைக்கு வந்து கொட்டச் சொன்னால் கொட்டுவாரா? முகம் சுளித்தால் அந்த வண்டியை ஈர வயலில் இறக்க வேண்டாம். மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு சீசனுக்கும் பெல்ட்டுக்கும் டயருக்கும் தனித்தனியாக வாடகை அறிவிக்கும்போது அதைக் கைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உழவன் செயலியின் இ-வாடகையில் அரசு வண்டி கிடைக்கிறதா என்பதையும் கதிர் பால் பிடிக்கும்போதே பார்த்துப் பதிவு செய்துவிட வேண்டும். பழுத்த பிறகு பார்த்தால் வரிசை நீண்டிருக்கும்.